எழுதும் கணினியும் வாசிக்கும் கணினியும்

2003-இல் ஒரு புத்தகத்தின் பக்கங்களை டிடிபி கடையிலிருந்து அச்சகத்துக்குக் கொண்டுபோனேன். பேஜ்மேக்கர் கோப்புகள், ஸ்கேன் செய்த படங்கள், கூடவே தமிழ் எழுத்துருக்கள் எல்லாம் சேர்ந்து 300 எம்பிக்குக் கொஞ்சம் மேல். 1.44 எம்பி ஃபிளாப்பியில் ஏற்றினால் இருநூறு ஃபிளாப்பிக்கு மேல் வேண்டும். ஒரே ஒரு சிடி-ஆர்டபிள்யூவில் அத்தனையும் அடங்கிவிட்டது. ஆனால் அச்சகத்துக் கணினியில் வட்டைப் போட்டதும், திறக்க முடியவில்லை என்ற செய்திதான் திரையில் வந்தது. இரவு கடைக்குத் திரும்பிப் போட்டுப் பார்த்தால் ஒரு கோப்புகூடக் குறையவில்லை. வட்டிலும் பழுதில்லை, கோப்பிலும் பழுதில்லை. நாங்கள் எழுதிய முறை அங்கே செல்லவில்லை.

அழித்து எழுதும் சிடியில் கோப்பை ஏற்ற இரண்டு வழிகள் இருந்தன. நீரோ போன்ற மென்பொருளில் கோப்புகளை முதலில் பட்டியலாகச் சேர்த்து, மொத்தமாக ஒரே ஓட்டத்தில் எழுதி முடிப்பது ஒன்று. இதை ‘செஷன்’ முறை என்போம். இன்சிடி, டைரக்ட்சிடி போன்றவற்றை நிறுவி, ஃபிளாப்பியைப் போலவே வட்டைத் திறந்து கோப்பை இழுத்துப் போடுவது மற்றொன்று. இது ‘பாக்கெட்’ முறை. கடையில் எல்லோருக்கும் பிடித்தது இரண்டாவதுதான். அதன் வசதியைப் பார்த்தால் அப்படிப் பிடித்துப்போனதில் தவறு சொல்ல முடியாது.

வட்டு இரண்டுக்கும் ஒன்றே. வெள்ளி, இண்டியம், ஆண்டிமனி, டெல்லூரியம் கலந்த மெல்லிய உலோகப் படலம் அதனுள் இருக்கிறது. லேசர் அதை ஓரிடத்தில் உருக்கிச் சட்டென்று ஆறவிட்டால் அங்கே அணுக்கள் ஒழுங்கு குலைந்து உறைந்து, அந்த இடம் மங்கும். உருகாத அளவுக்குச் சூடாக்கினால் படிக ஒழுங்கு திரும்பிப் பழையபடி பளிச்சிடும். இந்த மாற்றத்தை ஏறத்தாழ ஆயிரம் முறை செய்யலாம் என்று தயாரிப்பாளர்கள் கணக்குச் சொன்னார்கள். இதற்கு ஒரு விலை உண்டு. கடையில் வாங்கும் பாட்டு சிடி தன்மேல் படும் ஒளியில் ஏறத்தாழ 70 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும். சிடி-ஆர்டபிள்யூ 15 முதல் 25 சதவீதம்தான் அனுப்பும். அதனால் 1997-க்கு முந்தைய பல டிரைவ்களுக்கு இந்த வட்டே தெரியவில்லை. எந்த முறையில் எழுதினாலும் இந்தத் தடை இருந்தது.

முறைகள் பிரிவது வட்டின் மேல் கோப்புகளை அடுக்கும் விதத்தில். செஷன் முறை ஐஎஸ்ஓ 9660 என்னும் அடுக்கைப் பின்பற்றுகிறது. 1988-இல் தரப்படுத்தப்பட்ட இந்த அடுக்கை விண்டோஸ் 98, மேக், லினக்ஸ் எல்லாம் எந்தத் துணை மென்பொருளும் இல்லாமல் வாசித்தன. எழுதுபவருக்குத்தான் கஷ்டம். ஒவ்வொரு செஷனுக்கும் தொடக்கப் பகுதி, முடிவுப் பகுதி என்று இடம் போகும். முதல் செஷனுக்கு 22 எம்பி, அடுத்து வரும் ஒவ்வொன்றுக்கும் 13 எம்பி. ஒரு பக்கத்தில் ஒற்றுப்பிழை திருத்தி அந்தச் சின்னக் கோப்பை மட்டும் சேர்த்தாலும் 13 எம்பி போனது போனதுதான். இப்படிப் பத்து முறை சேர்த்தால் 130 எம்பி வீண். பழைய கோப்பை நீக்கினால் பட்டியலில்தான் மறையுமே தவிர இடம் திரும்பாது. இடம் வேண்டுமென்றால் வட்டு முழுவதையும் அழிக்க வேண்டும். 4 எக்ஸ் வேகத்தில் 650 எம்பி நிரப்ப 18 நிமிடம் ஆகும். அதுவரை அந்தக் கணினியில் வேறு வேலை செய்யவே பயமாக இருக்கும்.

பாக்கெட் முறை இந்தத் தொல்லைகளை எல்லாம் தீர்த்தது. யூடிஎஃப் என்னும் அடுக்கில், வட்டை 64 கேபி கொண்ட சிறு பொட்டலங்களாக முன்கூட்டியே பிரித்து வைக்கிறது. ஒரு கோப்பைத் திருத்தினால் அது இருக்கும் பொட்டலத்தை மட்டும் வாசித்து, மாற்றி, திரும்ப எழுதுகிறது. நீக்கினால் இடம் உண்மையாகவே திரும்பும். பொட்டலங்களுக்கு இடையே இணைப்புப் பகுதி விடுவதால் 650 எம்பி வட்டில் நமக்குக் கிடைப்பது சுமார் 530. தினமும் வீட்டுக்கும் கடைக்கும் ஒரே கோப்பைக் கொண்டுபோய்க் கொண்டுவருபவருக்கு இந்த இழப்பு பெரிதல்ல. ஆனால் இரண்டு இடத்திலும் அதே மென்பொருள் இருக்க வேண்டும். எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் கோப்பு அட்டவணையே சிதைந்து, முந்தைய நாள் வேலையும் சேர்ந்து தொலையலாம். மின்வெட்டு பழகிப்போன ஊரில் இது சின்ன ஆபத்தல்ல.

அச்சகத்தில் நடந்ததற்கு, நாங்கள் பாக்கெட் முறையில் எழுதியதே காரணம். அங்கே விண்டோஸ் 98. அதற்கு இந்த வகை யூடிஎஃப் தானாகத் தெரியாது, தனியாக ஒரு வாசிப்பான் நிறுவ வேண்டும். விண்டோஸ் எக்ஸ்பி இருந்த எங்கள் கணினியோ எதுவும் கேட்காமல் திறந்தது. எழுதுகிற இடத்தில் மிச்சமான உழைப்பெல்லாம் வாசிக்கிற இடத்தில் கடனாக நின்றது. வட்டு ஊர் விட்டு ஊர் போகப்போகிறது என்றால், முன்பின் தெரியாத ஒருவரிடம் போகப்போகிறது என்றால், செஷன் முறைதான் சரி என்பது என் உறுதியான கருத்து. அனுப்புகிறவர் ஒரு மணி நேரம் கூடுதலாக உட்காரலாம். வாங்குகிறவர் காகிதமும் ஆட்களும் தயாராக வைத்துக்கொண்டு காத்திருப்பவர்.

பென் டிரைவ் வந்ததும் இந்தப் பேச்சு முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். அதே விண்டோஸ் 98 கணினியில் பென் டிரைவைச் செருகினாலும் முதலில் டிரைவர் மென்பொருளைத்தான் கேட்டது. அந்த மென்பொருளை ஃபிளாப்பியிலோ சிடியிலோ கொண்டுபோக வேண்டியிருந்தது.

அச்சகத்தில் திறக்காத அந்த வட்டை மறுநாள் முழுவதும் அழித்து, செஷன் முறையில் எழுதி மூடினேன். கடை மூலையில் கணக்கு எழுத மட்டும் வைத்திருந்த, சிடி ரைட்டர் இல்லாத பழைய கணினி ஒன்று இருந்தது. அதில் வட்டைப் போட்டு, ஒவ்வொரு அத்தியாயத்தையும் திறந்து, எழுத்துரு விழுகிறதா என்று பார்த்த பிறகுதான் பேருந்து ஏறினேன்.