கடற்பாலங்களில் மீன் விடுவிப்பு: ஃபுளோரிடா

கடற்பாலத்திலோ சாலைப் பாலத்திலோ நின்று தூண்டிலில் பிடித்த மீனை, உயிருக்கு ஊறு இல்லாமல் மறுபடி கடலில் சேர்ப்பது அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் வெறும் நல்லெண்ணச் செயல் அல்ல, சட்டக் கடமை. குறித்த அளவுக்குச் சிறியது, அளவை மீறிப் பெரியது, பருவத் தடையில் இருப்பது, அறவே வைத்துக்கொள்ளக் கூடாத இனம் என எதுவாக இருந்தாலும் உடனே, உயிரோடு, காயமின்றி விட்டாக வேண்டும். பால விளக்குகளின் ஒளியும் நிழலும் சேரும் கோட்டில் இரவெல்லாம் இரைக்குக் காத்திருக்கும் ஸ்னூக் மீனை எடுத்துக்கொள்வோம் (நம்மூர்க் கொடுவாவையும் ஒரு காலத்தில் இதே குடும்பத்தில்தான் வைத்திருந்தார்கள்). மெக்சிகோ வளைகுடாக் கரையில் 71 செ.மீ.க்குக் குறைந்த ஸ்னூக்கையும் 84 செ.மீ.யைத் தாண்டியதையும் வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது. ஆகவே, பிடித்ததை எப்படித் திருப்பி விடுவது என்பது பாலத்துக்கு வருகிற ஒவ்வொருவருக்கும் தெரிந்திருக்க வேண்டிய வேலை.

உயரம்

படகில் இருப்பவருக்கு மீன் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. தண்ணீருக்குள்ளேயே வைத்துத் தூண்டில் முள்ளைக் கழற்றிவிடலாம். பாலத்தில் நிற்பவருக்கும் மீனுக்கும் நடுவே பல மீட்டர் வெற்றிடம். மற்ற சிக்கல்களில் பெரும்பாலானவை இந்த உயரத்திலிருந்து பிறப்பவை.

கடலுக்குள் மீனின் எடையைத் தண்ணீரே தாங்குகிறது. தூண்டில் நரம்பில் தொங்கவிட்டுத் தூக்கினால் மொத்த எடையும் தாடையில் முள் தைத்த ஒரே இடத்தில் இறங்கும். தாடை கிழியும், செவுளை ஒட்டிய தசைகள் இழுபடும். நடுவழியில் நரம்பு அறுந்தால் கொட்டலசு படிந்த தூணில் மோதி விழும். கோலியாத் களவா போன்ற பெருமீன்களின் எலும்புக்கூடு தண்ணீருக்கு வெளியே சொந்த எடையையே தாங்காது. மேலே ஏற்றினாலே உள்ளுறுப்பு சிதையக்கூடும்.

அதோடு காற்று. வானவில் ட்ரவுட் மீன்களை வைத்து 1992இல் கனடாவில் வெளியான ஓர் ஆய்வு இன்றும் எடுத்துக்காட்டப்படுகிறது. நன்றாகக் களைக்கவைத்துத் தண்ணீரிலேயே விட்ட மீன்களில் 12 சதவீதம் இறந்தன. களைப்புக்குப் பின் 30 விநாடி காற்றில் வைத்தவற்றில் 38 சதவீதமும், ஒரு நிமிடம் வைத்தவற்றில் 72 சதவீதமும் இறந்தன. அவை ஆய்வகத்து நன்னீர் மீன்கள்; அந்த எண்களை அப்படியே கடல்மீனுக்குப் பொருத்தக் கூடாது. ஆனால் படம் எடுப்பதற்காக மீனைப் பிடித்துக்கொண்டு நிற்கும் அரை நிமிடம் அற்பமானதல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

வளையவலை

உயரத்துக்கு விடை, கயிற்றில் கட்டி இறக்கும் வளையவலை. ஏறக்குறைய ஒரு மீட்டர் குறுக்களவுள்ள இரும்பு வளையம், அதன் கீழே பை போன்ற வலை, வளையத்தின் மூன்று நான்கு இடங்களிலிருந்து வரும் கயிறுகள் சேர்ந்து ஒரே வடம். முடிச்சில்லாத, ரப்பர் பூசிய வலைதான் நல்லது. முரட்டு நைலான் முடிச்சுகள் செதிலைப் பெயர்க்கும், மீனின் மேல் இருக்கும் சளிப்படலத்தைச் சுரண்டிவிடும். நோய்க்கிருமிகளைத் தடுக்கும் முதல் அரண் அந்தப் படலம்தான்.

வேலைக்கு இருவர் வேண்டும். ஒருவர் தூண்டிலைப் பிடித்திருக்க, மற்றவர் வலையை நீர்மட்டத்துக்குக் கீழே முழுக இறக்கி வைக்கிறார். மீனைத் துரத்தி வலையை வீசக் கூடாது. அசையாமல் நிற்கும் வளையத்துக்கு மேல் மீனைத் தலைமுன்னாகக் கொண்டுவந்ததும் வடத்தை நேராக, கைமாற்றிக் கைமாற்றி இழுக்க வேண்டும். அந்த நேரத்தில் தூண்டில்காரர் நரம்பைக் கொஞ்சம் தளர்த்தாவிட்டால், வலைக்குள் கிடக்கும் மீனின் வாயை அவரே பிய்த்துவிடுவார்.

மேலே வந்த மீனை வெயிலில் காய்ந்த கான்கிரீட்டில் கிடத்தவே கூடாது. வலைக்குள்ளேயே வைத்து, நனைத்த கையால் பிடித்து, குறடால் முள்ளைக் கழற்றி, அதே வலையில் தண்ணீர்வரை இறக்கிச் சாய்த்துவிட வேண்டும். உயரத்திலிருந்து வீசினால் மீன் பக்கவாட்டில் அறைபட்டு விழும். நீர்மட்டத்தை ஒட்டிய தாழ்வான மேடையென்றால் தலைமுன்னாக நழுவவிடலாம். கயிற்றில் கட்டிய பல்முனைக் கொக்கியால் குத்தித் தூக்கும் பழக்கம் சில பாலங்களில் உண்டு. வீட்டுக்குக் கொண்டுபோகும் மீனுக்கு மட்டுமே அது. விடப்போகும் மீனின் அருகில்கூட அது வரக் கூடாது.

முள்ளும் நரம்பும்

மீனின் கதி பெரும்பாலும் தூண்டில் கட்டும்போதே முடிவாகிவிடுகிறது. முனை உள்நோக்கி வளைந்த வட்டமுள், விழுங்கிய மீனின் தொண்டையில் தைக்காமல் வழுக்கி வந்து வாயோரத்தில் மாட்டும். வெடுக்கென்று சுண்டினால் பலிக்காது. நரம்பு இறுகும்வரை பொறுத்து, நிதானமாகச் சுற்ற வேண்டும். முள் ஆழத்தில் போய்விட்டால் தோண்டி எடுப்பதைவிட நரம்பை வாயருகே வெட்டிவிடுவதே மீனுக்குப் பாதுகாப்பு. பல மீன்கள் முள்ளைப் பிறகு தாமே வெளியேற்றிவிடுகின்றன. முள் துருப்பிடித்தால் அது எளிதாகும்; துருப்பிடிக்காத எஃகு முள் வேண்டாம் என்பது இதனால்தான்.

மெல்லிய நரம்பில் பெரிய மீனை நெடுநேரம் இழுத்து விளையாடுவது வீரம் என்று எண்ணுவோர் உண்டு. களைத்துப்போன மீனின் தசையிலும் இரத்தத்திலும் லாக்டிக் அமிலம் சேர்கிறது. விட்ட பிறகு நிமிர்ந்து நீந்தக்கூட முடியாமல் போகிறது. பாலத்தடியில் சுறாக்கள் சுற்றிக்கொண்டிருக்கும்போது அதற்குப் பொருள் சாவு. பஹாமாஸில் போன்ஃபிஷ் (bonefish) மீன்களைப் பின்தொடர்ந்து 2007இல் வெளியிட்ட ஆய்வில், விட்டவுடன் சமநிலை இழந்த மீன்கள் வேட்டையாடப்படும் வாய்ப்பு மற்றவற்றைவிட ஆறு மடங்கு. ஃபுளோரிடாவின் போகா கிராண்டே நீர்வழியிலும் டாம்பா விரிகுடாவிலும் நடந்த மற்றோர் ஆய்வில், விடுவித்த டார்பன் பெருமீன்களில் சுமார் 13 சதவீதம் இறந்தன. பெரும்பங்கு சுறாவுக்கு இரையானவை. சுறா தென்பட்டால் தூண்டிலைச் சற்று நேரம் எடுத்து வைப்பதே சரி.

தூக்கக் கூடாதவை

டார்பன் 2013 முதல் ஃபுளோரிடாவில் பிடித்து விடுவதற்கு மட்டுமே. சாதனைப் பதிவுக்கான தனிச்சீட்டு இல்லாவிட்டால், ஏறக்குறைய ஒரு மீட்டரைத் தாண்டிய டார்பனைத் தண்ணீரை விட்டு வெளியே எடுப்பதே குற்றம். கரையிலிருந்து சுறா பிடிப்போருக்கு 2019 ஜூலை முதல் கட்டணமில்லா அனுமதிச் சீட்டும் பயிற்சியும் கட்டாயம். பாலமும் கடற்பாலமும் இந்த விதியில் கரையாகவே கணக்கு. தடைசெய்யப்பட்ட சுறா இனங்களின் செவுள் நீரில் மூழ்கியே இருக்க வேண்டும். நரம்பையோ முள்ளையோ உடனே வெட்டும் கருவி கையில் இருந்தாக வேண்டும்.

இங்கே நேர்மையாக எதிர்கொள்ள வேண்டிய முரண் ஒன்று உண்டு. உயரமான பாலத்திலிருந்து நரம்பை வெட்டினால் முள்ளுக்கு அருகே வெட்ட முடியாது. பல மீட்டர் நரம்பை இழுத்துக்கொண்டு மீன் போகும், அது எதிலாவது சிக்கும். மீனை மெல்ல நடத்திக்கொண்டு கரையோரம் சென்று, அங்கே இறங்கி வெட்டலாம். தூண்கள் குறுக்கே நிற்பதால் எல்லா இடத்திலும் அது கைகூடாது. அப்படிப்பட்ட இடத்தில் பெருமீனுக்கென்றே தூண்டில் போடாதிருப்பது ஒன்றுதான் உண்மையான விடுவிப்பு.

ஸ்கைவே கடற்பாலமும் கூழைக்கடாக்களும்

1980 மே 9 அன்று புயல்மழையில் சம்மிட் வென்ச்சர் என்ற சரக்குக் கப்பல் டாம்பா விரிகுடாவின் சன்ஷைன் ஸ்கைவே பாலத்தில் மோதி, 35 பேர் உயிரிழந்தார்கள். 1987இல் புதுப் பாலம் வந்தது. பழைய பாலத்தின் இரு முனைகளிலும் எஞ்சிய பகுதிகள் இன்று மீன்பிடிக் கடற்பாலங்கள். காரை ஓட்டிச் சென்று தூண்டில் போடும் இடத்திலேயே நிறுத்தலாம்.

இங்கே தூண்டிலில் மாட்டுவது மீன் மட்டுமல்ல. நரம்பில் மேலேறும் சிறுமீனைக் கொத்தப் பழுப்புக் கூழைக்கடா பாய்கிறது. முள் அலகுப் பையிலோ சிறகிலோ தைக்கிறது. 2023இல் மாநில வனவுயிர் ஆணையம் இந்தக் கடற்பாலத்துக்கென்றே விதி கொண்டுவந்தது. நவம்பர் நடுப்பகுதி முதல் மார்ச் நடுப்பகுதி வரை சபிகி போன்ற பல்முள் தூண்டில்களுக்குத் தடை; ஒருவருக்கு இரண்டு தூண்டிலுக்கு மேல் கூடாது; ஆண்டுதோறும் இலவசப் பாடம் படிக்க வேண்டும்.

பறவை மாட்டினால் பதறி நரம்பை அறுப்பதுதான் ஆகப் பெரிய கேடு. தொங்கும் நரம்போடு அலையாத்தி மரத்தில் போய் அமரும் பறவை அங்கேயே சிக்கிப் பட்டினியில் சாகும். மெதுவாகச் சுற்றி இழுத்து, வளையவலையால் தூக்கி, கண்ணைத் துணியால் மூட வேண்டும். சிறகுகளை மடித்து அணைத்துக்கொண்டு, அலகைப் பிடிக்கையில் சிறிது திறந்தே வைக்க வேண்டும். வெளி நாசித்துளை இல்லாத இந்தப் பறவை வாயால்தான் மூச்சுவிடுகிறது. முள்ளை முன்னோக்கித் தள்ளி, எதிர்முள்ளைக் குறடால் வெட்டிவிட்டுப் பின்வாங்கினால் எளிதில் வந்துவிடும். முள்ளை விழுங்கிவிட்டிருந்தால் பறவையை விடக் கூடாது. வனவுயிர் மீட்புக்காரர்கள் வரும்வரை நிழலில் வைத்திருக்க வேண்டும்.