சயாம் ரயில்: இரண்டு பதிவேடுகள்

சயாம் என்று முன்பு வழங்கிய தாய்லாந்தின் காஞ்சனபுரி நகரில், ரயில் நிலையத்துக்குச் சற்றுத் தள்ளி ஒரு போர்க் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. ஏறக்குறைய 7,000 பேருக்கு அங்கே இடம். தரையோடு ஒட்டிய தாழ்வான கல், அதன் மேல் ஒரு வெண்கலத் தகடு. படைப்பிரிவின் சின்னம், படை எண், பதவி, பெயர், இறந்த தேதி, வயது எல்லாம் தகட்டில் உண்டு. பல தகடுகளில் அடியில் ஒரு வரி கூடுதலாக இருக்கும். அது அரசாங்கம் எழுதியது இல்லை, வீட்டார் எழுதிக் கொடுத்தது. அப்பாவைப் பார்த்தே இராத மகன் எண்பது வயது தாண்டி பிரிட்டனிலிருந்து வந்தாலும், வரிசை எண்ணைக் கேட்டு நேராக அந்தக் கல்லுக்கு முன்னால் போய் நின்றுவிட முடியும்.

அதே ஊரில் வாட் தாவோன் வராராம் என்றொரு புத்த விகாரை. ஆசியத் தொழிலாளர்களின் எலும்புகள் அங்கே மொத்தமாகப் புதைக்கப்பட்டிருக்கின்றன. அவர்களில் தமிழர்கள் நிறைய. எத்தனை பேர் என்று கேட்டால் 'ஆயிரக்கணக்கில்' என்பதற்கு மேல் யாராலும் சொல்ல முடியாது. பெயர் கேட்கவே வேண்டாம்.

இரு சாராரும் செத்தது ஒரே ரயில் பாதைக்காக. பர்மாவிலிருந்த தன் படைக்குச் சரக்கு அனுப்புவதற்காக, தாய்லாந்தின் நோங் ப்லாடுக்கிலிருந்து பர்மாவின் தான்பியூசயாட் வரை 415 கிலோமீட்டர் பாதையை ஜப்பானிய ராணுவம் 1942 நடுவில் போடத் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்தது. அந்த வேலையில் 60,000க்கும் மேற்பட்ட நேசநாட்டுப் போர்க்கைதிகள் இருந்தார்கள். அவர்களில் 12,000க்கும் மேல் இறந்தார்கள். ஆசியத் தொழிலாளர்கள் இரண்டு லட்சம் பேர் வரை இருந்திருக்கலாம், 80,000 முதல் ஒரு லட்சம் வரை இறந்திருக்கலாம் என்கிறார்கள். முதல் கணக்குக்குப் பட்டியல் இருக்கிறது. இரண்டாவதற்கு 'இருக்கலாம்' மட்டுமே இருக்கிறது. இந்த இரண்டு மரணங்களையும் ஒப்பிட எடுத்தவர்கள் பெரும்பாலும் கொடுமையை ஒப்பிடுவார்கள். பசியும் அடியும் காலராவும் இரு பக்கமும் ஏறத்தாழ ஒன்றுதான். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு: யாரிடம் எழுதுகிறவன் இருந்தான் என்பது.

போர்க்கைதிகள் பிடிபட்டபோது ஒரு ராணுவமாகவே பிடிபட்டார்கள். அதிகாரி, மருத்துவர், பாதிரியார், எழுத்தர் என்று எல்லாரும் கூடவே முகாமுக்குப் போனார்கள். ஒருவன் இறந்தால் பெயரும் எண்ணும் நோயும் புதைத்த இடமும் எழுதப்பட்டன. காகிதம் கிடைக்காதபோது சிகரெட் அட்டையில் எழுதினார்கள். ஜப்பானியர் கண்ணில் படாமல் மூங்கில் குழாய்க்குள் செருகினார்கள். சில ஆவணங்களைப் பிணத்தோடு சேர்த்தே புதைத்து, எந்தக் குழி என்று மட்டும் நினைவில் வைத்துக்கொண்டார்கள். போர் முடிந்த அடுத்த மாதமே, 1945 செப்டம்பரில், கைதிகளாக இருந்தவர்களையும் சேர்த்துக்கொண்ட ஒரு சிறு குழு, அதே ரயிலில் ஏறிப் பாதை நெடுகக் கல்லறைகளைத் தேடிப் போனது. 144 இடங்களில் 10,549 புதைகுழிகளை அடையாளம் கண்டது. கண்டுபிடிக்க முடியாமல் போனவை 52. காட்டுக்குள், மழைக்காலத்துக்குள், கொஞ்சம் அசந்தால் மூங்கில் மூடிவிடுகிற நிலத்தில் நடந்த வேலை இது. சங்கதி தெரிந்தவர்கள் இந்த 52ஐத்தான் திரும்பத் திரும்பச் சொல்லி வியப்பார்கள்.

அதற்குப் பக்கத்தில் இன்னொரு எண்ணை வைத்துப் பார்க்கலாம். மலாயாவிலிருந்து கொண்டுபோகப்பட்ட தொழிலாளர்கள் ஏறக்குறைய 78,000 பேர் என்று போருக்குப் பின் தொகுத்த ஒரு கணக்கு சொல்கிறது. அவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். இறந்தவர்கள் என்ற பத்தியில் 29,000க்கும் மேல் இருக்கிறது. அடுத்த பத்தி, ஓடிப்போனவர்கள். அதில் 24,000க்கும் மேல்! வழி தெரியாத காடு, மொழி தெரியாத நாடு, வயிற்றில் பேதி. இருபத்துநாலாயிரம் பேர் ஓடி எங்கே போயிருப்பார்கள்? சிலர் தாய்லாந்துக் கிராமங்களில் தங்கிப்போனார்கள், சிலர் நடந்தே மலாயா திரும்பினார்கள். மற்றவர்கள் முகாம் எல்லை தாண்டி விழுந்ததால் செத்தவர் பத்தியில் ஏறாமல் போனவர்களாக இருக்கலாம். ஒரு பக்கம் காணாமல் போன குழிகள் 52, மறுபக்கம் 'ஓடிப்போனவர்' என்ற ஒரே சொல்லுக்குள் ஒரு நகரத்து ஜனத்தொகை.

மலாயாவின் தோட்டத் தமிழரிடம் எழுதுகிறவர் இல்லாமல் இல்லை. ரப்பர்த் தோட்டத்தில் கிராணி என்ற கணக்கர் இருந்தார், செக்ரோல் என்ற வருகைப் பதிவேடு இருந்தது. விடியுமுன் பெரட்டுக்களத்தில் ஆள் எண்ணிப் பேர் குறிக்கிற வழக்கம் இருந்தது. வெள்ளைக்காரத் துரைமார் சிங்கப்பூருக்கும் கப்பலுக்கும் ஓடிய பிறகு, ரப்பருக்குச் சந்தை போய்த் தோட்டம் பட்டினியில் கிடந்த சமயத்தில், ஜப்பானியர் வந்து மூன்று மாத வேலை, நாளுக்கு ஒரு வெள்ளி (டாலர்), அரிசி உண்டு என்றார்கள். முதலில் நம்பித்தான் போனார்கள். போனவர் திரும்பாத செய்தி பரவியதும் ஆள் கிடைக்கவில்லை. பிறகு இலவசப் படம் காட்டுகிறோம் என்று கூட்டிக் கதவைப் பூட்டி லாரியில் ஏற்றியது, சாலையில் போனவரைப் பிடித்தது எல்லாம் நடந்தது. இந்தத் தோட்டத்துக்கு இத்தனை தலை என்று கங்காணியிடமும் கிராணியிடமும் கேட்டார்கள். ஆக, பெயர் எழுதிய அந்தக் கைதான் அனுப்பவும் பட்டியல் போட்டது. முகாமுக்குப் போன பிறகோ எழுத ஆளே இல்லை. பிள்ளைகுட்டியோடு போன குடும்பங்களும் இருந்தன, அவர்களுக்கும் அதே கதிதான்.

காலரா வந்தபோது, அதிகாரியும் மருத்துவரும் கூட இருப்பதற்கும் இல்லாததற்கும் உள்ள வித்தியாசம் உயிர் வித்தியாசம் ஆனது. 1943 மே மாதம், மழை பிடித்துக்கொண்ட நேரம். கைதி முகாம்களில் மருத்துவர்கள் தண்ணீரைக் கொதிக்க வைக்காமல் யாரும் வாயில் வைக்கக் கூடாது என்று கட்டளை போட்டார்கள். சாப்பாட்டுத் தட்டைக் கொதிநீரில் முக்கி எடுத்த பிறகே சோறு. உப்புக் கரைசலை அவர்களே காய்ச்சி, மூங்கிலைச் சீவி ஊசியாக்கி, ஸ்டெதஸ்கோப் ரப்பர்க் குழாய் வழியே நரம்பில் ஏற்றினார்கள். அப்படியும் நூற்றுக்கணக்கில் செத்தார்கள். பக்கத்துத் தமிழர் முகாமில் கட்டளை போட ஒருவரும் இல்லை. குடித்தது ஆற்றுத் தண்ணீர், கழிப்பிடமும் அந்த ஆற்றங்கரைதான். சாவு மிஞ்சிப்போய் ரயில் வேலை தடைபடத் தொடங்கியதும்தான் ஜப்பானியர் 1943 ஜூனில் சிங்கப்பூரின் சாங்கி முகாமிலிருந்து கைதி மருத்துவர்களைத் தொழிலாளர் முகாம்களுக்கு அனுப்பினார்கள். அந்த மருத்துவர்களும் பக்கத்து முகாம் கைதிகளும் எழுதி வைத்த குறிப்புகள்தாம் தமிழர் சாவுக்கு இன்று கிடைக்கிற நேர்சாட்சி எழுத்துகளில் முக்கியமானவை. நம் பாட்டன் எப்படிச் செத்தான் என்பதற்கு வெள்ளைக்காரக் கைதியின் நாட்குறிப்பைப் புரட்ட வேண்டியிருக்கிறது.

வீட்டு நினைவு என்ற இடத்துக்கு வந்தால் இரண்டும் இன்னும் விலகுகின்றன. ஆஸ்திரேலியாவிலோ பிரிட்டனிலோ ஒரு கைதியின் பிள்ளைகள் நினைவுகூரத் தொடங்கும்போது, கையில் ஏற்கெனவே காகிதம் இருக்கிறது. 'வியரி' டன்லப் என்ற ஆஸ்திரேலிய ராணுவ மருத்துவரின் நாட்குறிப்பு 1986இல் புத்தகமானது. எரிக் லோமாக்ஸ் என்ற பிரிட்டிஷ் கைதி தன் சித்திரவதையையும் அந்த விசாரணையில் மொழிபெயர்த்த ஜப்பானியரைப் பல்லாண்டு கழித்துச் சந்தித்ததையும் 1995இல் எழுதினார். கைதிகளின் பிள்ளைகள் பிரிட்டனில் தங்களுக்கென்றே சங்கம் வைத்திருக்கிறார்கள். காஞ்சனபுரிக் கல்லறைத் தோட்டத்துக்குப் பக்கத்திலேயே ஓர் ஆய்வு மையம், வருகிற குடும்பத்துக்கு அப்பா எந்த முகாமில் எந்த மாதம் இருந்தார் என்று எடுத்துச் சொல்கிறது. அப்பா வாயே திறக்கவில்லை என்பதுதான் அந்தப் பிள்ளைகளில் பலர் சொல்கிற குறை. பேசாத அப்பாவைப் பற்றிக் கோப்பு பேசுகிறது.

தமிழ் வீடுகளில் நேர்மாறு. பேச்சு உண்டு, கோப்பு இல்லை. 'சயாமுக்குப் போனார்' என்றால் மலேசியத் தமிழ்ப் பெரியவர்களுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது. போனவர் செத்தாரா, எங்காவது இருக்கிறாரா என்று தெரியாமல் பொட்டை அழிப்பதா வைப்பதா என்று ஆண்டுக்கணக்கில் காத்திருந்த பெண்கள் உண்டு. செத்த நாள் தெரியாதவருக்குத் திதி கொடுப்பது எப்படி? நம் வழக்கத்தில் அதற்கு அமாவாசை இருக்கிறது, நாள் தெரியாத எல்லாருக்கும் பொதுவாக. வெண்கலத் தகட்டில் தேதி பொறிப்பதற்கும் பொது அமாவாசையில் எள்ளும் தண்ணீரும் இறைப்பதற்கும் நடுவில் இருக்கிற தூரத்தைத்தான் நான் சொல்ல வருகிறேன். பாசத்தில் குறைவில்லை, நாள்தான் இல்லை.

எழுத்து வந்தது தாமதமாக, அதுவும் நாவலாக. ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' இரண்டும் மலேசியத் தமிழர் இதைத் தாமே சொன்ன படைப்புகள். ஆவணம் இருக்க வேண்டிய இடத்தில் நாவல் உட்கார்ந்திருக்கிறது. நாவலுக்கு அது பெருமை, வரலாற்றுக்கு அது நெருக்கடி. 'ஒவ்வொரு சிலிப்பர் கட்டைக்கும் ஒரு பிணம்' என்று சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டோம். கேட்க உருக்கமாக இருக்கிறது, ஆனால் கணக்கு கேட்கிறவன் முன்னால் நிற்காது. மேடையில் இன்று ஒரு லட்சம், நாளை இரண்டு லட்சம் என்று தமிழர் சாவை ஏற்றிக்கொண்டே போகிறவர்கள், உண்மையில் செத்தவரையும் சந்தேகத்துக்கு உள்ளாக்குகிறார்கள்.

மறுபக்க நினைவுக்கும் கோளாறு இல்லாமல் இல்லை. 1957இல் வந்த குவாய் நதிப் பாலம் படத்தை, அப்போது சிலோன் என்று வழங்கிய இலங்கையின் கித்துல்கலவில் எடுத்தார்கள். மலைநாட்டுத் தமிழ்த் தொழிலாளர் வாழ்கிற தோட்டங்கள் அங்கிருந்து தொலைவில்லை. படத்திலோ பாலம் கட்டுவது வெள்ளைக் கைதிகள். ஆஸ்திரேலியர்கள் தோழமையையும் தாக்குப்பிடித்ததையும் பற்றிய வீரகதையாகவே இந்த ரயிலை நினைக்கிறார்கள். பாதைக்காகப் பாறையை வெட்டிய இடமான ஹெல்ஃபயர் பாஸில் 1998இல் திறந்த நினைவிடத்தில், ஆஸ்திரேலியரின் போர் நினைவு நாளான ஏப்ரல் 25 விடியற்காலை அஞ்சலி நடக்கும். அந்தக் கதையில் 'கூலிகள்' பின்னணியில் இருமிக்கொண்டு நிற்கிறார்கள். மலாயாக் கூலிக்கோ அந்தக் கைதி வேறு மாதிரித் தெரிந்திருப்பான். நேற்றுவரை துரை என்று கும்பிட்ட இனத்தான் இன்று கோவணத்தோடு மண் சுமக்கிறான். அந்தக் காட்சி தோட்டத்துத் தமிழன் மனத்தில் என்ன செய்தது என்பதை நாட்குறிப்புகள் சொல்லாது.

காகிதம் இல்லாமையின் விலை பணத்திலும் தெரிந்தது. 2000இல் பிரிட்டிஷ் அரசு, உயிரோடிருந்த தூரக்கிழக்குப் போர்க்கைதி ஒவ்வொருவருக்கும், இல்லாதபோது அவர் மனைவிக்கும், 10,000 பவுண்ட் கொடுப்பதாக அறிவித்தது. அரை நூற்றாண்டு தாமதம்தான், ஆனாலும் கைதியாக இருந்ததைக் காட்டப் பதிவு இருந்ததால் கொடுக்க முடிந்தது. மலேசியாவுக்கு 1967இல் ஜப்பான் ஒப்புக்கொண்டது 2.5 கோடி வெள்ளி, அதுவும் பொருளாகவும் சேவையாகவும். அது இரண்டு கப்பல்களாக வந்து சேர்ந்தது. சயாமுக்குப் போனவர் குடும்பத்தின் கைக்கு அதிலிருந்து ஒன்றும் வரவில்லை.

கல்லில் தமிழ் முதலில் ஏறியது எப்போது என்று பார்த்தால் கசப்பு கூடும். காஞ்சனபுரியின் குவாய் ஆற்றுப் பாலத்துக்கு அருகே 1944இல் ஜப்பானிய ரயில் படையே ஒரு நினைவுத்தூண் எழுப்பியது. பல மொழிகளில் பொறித்தவற்றில் தமிழும் உண்டு. சாகடித்தவனே முதலில் தமிழில் அஞ்சலி எழுதினான். தமிழர்கள் தங்கள் முயற்சியில் வாட் தாவோன் வராராம் விகாரை வளாகத்தில் நடுகல் நிறுத்தியது 2023இல். நடுகல் என்பது ஊர் தெரிந்த, பெயர் தெரிந்த வீரனுக்கு எடுக்கிற கல். இங்கே ஆயிரக்கணக்கானோருக்குச் சேர்த்து ஒரு கல்.

இவர்கள் வீரர்களா, முன்னாள் போர்வீரர் வரிசையில் வைக்கத் தகுந்தவர்களா என்ற விவாதம் எனக்கு வீணாகப் படுகிறது. துப்பாக்கி பிடிக்கவில்லை என்பது உண்மை. அந்த முகாம்களில் வெள்ளைக் கைதியும் பிடிக்கவில்லை. செய்யக்கூடியது ஒன்று மிச்சமிருக்கிறது. போய்த் திரும்பியவர்கள் இன்று அநேகமாக உயிரோடு இல்லை. அப்பா போனதைப் பார்த்த பிள்ளைகள் எண்பது, தொண்ணூறு வயதில் இருக்கிறார்கள். அவர்களிடம் 'எப்படி இருந்தது' என்று கேட்டால் அழுகை வரும், தகவல் வராது. எந்தத் தோட்டம், எந்தக் கங்காணி கூட்டிப்போனார், லாரி வந்தது தீபாவளிக்கு முன்னா பின்னா, அதே லயத்து வீடுகளிலிருந்து கூடப் போனவர் யார் என்று கேட்க வேண்டும். ஒரு தோட்டத்தில் பத்து வீட்டில் இந்த நாலு கேள்விக்கும் பதில் வாங்கி ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்தால், அந்தத் தோட்டத்தின் பெயர்ப்பட்டியல் அரைகுறையாகவாவது கிடைக்கும். 78,000 பேருக்கு இது நடக்காது. ஒரு தோட்டத்துக்கு நடக்கும்.