எதைத் தின்கிறது மைக்ரோகிளியா?

அல்சைமர் நோயில் மூளையின் காவல் செல்களான மைக்ரோகிளியா நமக்குத் துணையா, பகையா? இரண்டு ஆய்வுகள் இதற்கு நேர் எதிரான விடை தருகின்றன. இரண்டையுமே நான் நம்புகிறேன்.

முதலாவது 2012 இறுதியில் வந்தது. ட்ரெம்2 என்பது இந்தச் செல்களின் மேற்பரப்பில் இருக்கும் உணர்வான். அதன் மரபணுவில் ஓர் அரிய மாற்றம் உள்ளவர்களுக்கு அல்சைமர் வரும் வாய்ப்பு ஏறத்தாழ மூன்று மடங்கு என்று ஐஸ்லாந்து ஆய்வாளர்கள் கண்டார்கள். பிறகு எலிகளில் காரணம் விளங்கியது. மைக்ரோகிளியா, இந்நோயில் மூளையில் சேரும் அமிலாய்டு என்ற புரதப் படிவைச் சுற்றி நெருக்கியடித்து நின்று அதை இறுக்கி வைக்கிறது. ட்ரெம்2 இல்லாத எலியில் படிவு கலைந்து பரவி, பக்கத்து நரம்பிழைகளைக் கெடுத்தது.

இரண்டாவது, 2016இல் ஆய்வாளர் பெத் ஸ்டீவன்ஸின் குழு செய்தது. இங்கே எலிகளில் படிவு உருவாகும் முன்பே சி1க்யூ என்ற புரதம் நரம்பிணைப்புகளில் ஒட்டிக் குறி வைக்க, மைக்ரோகிளியா அவற்றை விழுங்கியது. அந்தப் புரதத்தைத் தடுத்ததும் இணைப்புகள் தப்பின. குழந்தையின் மூளையில் வேண்டாத இணைப்புகளைக் கழிக்கும் அதே வேலைதான் இது; நோயில் இடம் மாறி நடக்கிறது.

ஆக, செல்லின் பசியை விட அது எந்தக் குறியைப் பின்தொடர்கிறது என்பதே பெரிது. மருந்துகளும் அப்படித்தான் சொல்கின்றன. லெக்கானெமாப் அமிலாய்டில் ஒட்டி, மைக்ரோகிளியாவுக்கு இரையைக் காட்டிக்கொடுக்கிறது. 18 மாதச் சோதனையில் நோயின் சரிவு 27 சதவீதம் மட்டுப்பட்டது. ட்ரெம்2-ஐத் தூண்டிவிட மட்டும் முயன்ற ஏஎல்002 மருந்து 2024இல் தோற்றது. ஒரு தோல்வியால் அந்த வழியே அடைபட்டுவிடாதுதான்.

லெக்கானெமாபின் அந்தச் சோதனை நடந்தது தொடக்க நிலை நோயாளிகளிடம் மட்டுமே. நம் ஊர்களில் நாம் இடறுவதும் நோயைத் தொடக்கத்திலேயே கண்டுகொள்வதில்தான். சமயபுரம் கோயில் வாசலில் ஆயுசெல்லாம் பூக் கட்டிய அம்மாவின் கை ஒருநாள் கண்ணி போடத் தெரியாமல் நின்றால், "வயசாச்சுல்ல, அப்படித்தான் இருக்கும்" என்று விட்டுவிடுகிறோம். நாட்டில் 60 வயதைக் கடந்தவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, ஏறக்குறைய 88 லட்சம் பேருக்கு, மறதிநோய் இருப்பதாகத் தேசிய அளவிலான ஆய்வு மதிப்பிட்டிருக்கிறது. தொடக்கத்தில் இரண்டு வாரத்துக்கொரு முறை ரத்தக் குழாயில் ஏற்றி, மூளை வீக்கமோ ரத்தக் கசிவோ வருகிறதா என்று எம்ஆர்ஐ எடுத்துக்கொண்டே இருக்க வேண்டிய மருந்து எத்தனை வீடுகளுக்குக் கட்டுப்படியாகும்? ஆனாலும் அந்த முதல் தடுமாற்றத்திலேயே அம்மாவைத் திருச்சிக்கு அழைத்துப்போய் நரம்பியல் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். பி12 குறைவோ தைராய்டு கோளாறோதான் காரணம் என்றால் அதற்கு மாத்திரையும் ஊசியும் கைக்கெட்டும் விலையிலேயே இருக்கின்றன.