ஒரு காட்சியும் இரு மூலைகளும்

மேனாட்டு ஓவிய வரலாற்றை எழுதுவோர் அருவ ஓவியத்தின் பிறப்பைக் கூறுமிடத்துக் காசிமிர் மலெவிச்சின் 'கருஞ் சதுரம்' என்னும் படத்தைத் தவறாது எடுத்துரைப்பர். அப்படம் முதன்முதல் வைக்கப்பட்ட காட்சியிலேயே, மற்றோர் அறையில், விளாதிமிர் தத்லினின் படைப்புகளும் இடம்பெற்றிருந்தன என்பதைச் சிலரே விரித்துரைப்பர். இரண்டையும் ஒருங்கு வைத்து நோக்கினாலன்றி அக்காட்சியின் பொருள் விளங்காது.

1915 ஆம் ஆண்டு திசெம்பர் மாதம், உலகப் போரின் நடுவே, உருசியத் தலைநகராயிருந்த பெற்றோகிறாட்டில் அக்காட்சி தொடங்கியது. நதேசுதா தொபிச்சினா என்னும் அம்மையார் நடாத்திய கூடமே அதன் களம். இவான் பூனியும் அவர் மனைவியும் அதனை ஒழுங்குசெய்தனர். '0,10' என்பது அதற்கு இட்ட பெயர். பழங்கலையைப் பூச்சியமாக்கி அப்பாற் செல்லக் கருதிய பத்துக் கலைஞரைக் குறித்தது அவ்வெண். ஈற்றிற் பங்குபற்றியோர் பதினால்வர். கணக்கிற் பிழைத்தாலும் பெயர் நிலைத்துவிட்டது.

மலெவிச்சு 39 ஓவியங்களை வைத்தார். சதுரம், வட்டம், சிலுவை, நீள்சதுரம் ஆகிய வடிவங்களன்றி உலகப் பொருளொன்றின் சாயலும் அவற்றில் இல்லை. ஏறத்தாழ 80 சதமமீற்றர் பக்கமுடைய கருஞ் சதுரத்தை அவர் ஏனையவற்றோடு வரிசையிற் றொங்கவிடவில்லை. இரு சுவர்களும் கூடும் மூலையில், கூரைக்கு அண்மையில், அதனை உயர்த்தி வைத்தார். உருசிய வைதிகக் கிறித்தவரின் இல்லங்களில் அம்மூலை திருவுருவப் படத்துக்கு உரியது. வீட்டினுட் புகுவோர் முதலில் அதனை நோக்கியே வணங்குவர். ஆகவே கண்டோர்க்கு அச்செயலின் பொருள் உடனே புலனாயிற்று. திருவுருவத்தின் இடத்தை ஒரு கரிய சதுரம் கவர்ந்துகொண்டது எனத் திறனாய்வாளர் அலெக்சாந்தர் பெனுவா சினந்து எழுதினார். அவர் சினம் நியாயமோ அன்றோ, படத்தின் உட்பொருளை அவர் சரியாகவே உணர்ந்தார் எனலாம்.

தத்லினும் மூலையையே நாடினார். நாடிய காரணம் வேறு. இளமையிற் கப்பல்களிற் பணிபுரிந்த அவர், பாரிசில் பிக்காசோவின் கூடத்தைக் கண்டு மீண்டபின், தகடு, மரம், கம்பி முதலியவற்றால் புடைப்புருவங்களை ஆக்கத் தொடங்கினார். அவற்றுட் சில ஒரு சுவரிலிருந்து மறுசுவருக்கு மூலைக்குக் குறுக்கே கயிறுகளால் இழுத்துக் கட்டப்பட்டன. சட்டமில்லை, பீடமில்லை; அறையின் வெளியே படைப்பின் ஒரு பகுதியாயிற்று. மலெவிச்சு பொருளைத் துறந்து மேலெழ விழைந்தார். தத்லினோ இரும்பை இரும்பாகவும் மரத்தை மரமாகவும் பேசச் செய்ய விழைந்தார். இருவரும் உருவங்களைப் பின்பற்றும் கலையைக் கைவிட்டனர். ஆயினும் ஒருவரையொருவர் பொறுத்திலர். பூசல் கைகலப்புவரை சென்றது என்ப. தத்லின் குழுவினர் தம் அறை வாயிலில் 'தொழில்முறை ஓவியர்' என்னும் பொருள்பட ஓர் அறிவிப்பைத் தொங்கவிட்டனர் என்றுங் கூறுவர். மலெவிச்சைப் பயிலுநராக்கும் எள்ளல் அதில் வெளிப்படை.

பிற்காலத்தார் மலெவிச்சுக்கே முதன்மை தந்தமைக்கு ஒரு காரணம் மிக எளியது. கருஞ் சதுரம் எஞ்சியது; மொசுக்கோவின் திரெத்தியாக்கோவ் கலைக்கூடத்தில் அது பேணப்படுகின்றது. வெடிப்புகள் நிறைந்த அதன் கரிய பூச்சின்கீழ் இரு முந்தைய ஓவியங்கள் மறைந்துள்ளமை 2015 ஆம் ஆண்டு ஆய்வில் வெளிப்பட்டது. தத்லினின் மூலைப் புடைப்புருவங்களோ பெரும்பாலும் அழிந்தன. அவற்றைப் புகைப்படங்களே காட்டுகின்றன. சுவர்களின் இழுவையால் நின்ற பொருளைச் சுவர்களினின்று பிரித்து எவ்வாறு பேணுவது? எனினும் எஞ்சியது என்பதனாலேயே ஒன்றை மூலம் எனவும், அழிந்தது என்பதனால் மற்றதைத் துணை எனவும் கொள்ளுதல் வரலாற்று முறைமையன்று. கருஞ் சதுரமும் அன்று வெறும் ஓவியமாக நிற்கவில்லை. மூலையோடு கூடியே பொருள் தந்தது. அதனை நாம் அறிவதற்கும் அவ்வறையைப் பிடித்த ஒரு புகைப்படமே பெருந்துணை.

1935 ஆம் ஆண்டு லெனின்கிறாட்டில் மலெவிச்சு இறந்தபோது, கிடத்தப்பட்ட உடலின் தலைமாட்டுக்கு மேலே ஒரு கருஞ் சதுரம் தொங்கியது. தத்லின் 1953 வரை வாழ்ந்தார்.