நூறு கஜ எல்லை



போதையை விலக்கும் முயற்சி நமக்குப் புதிதன்று. 1937ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள் இராஜாஜி அமைச்சரவை சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கியது. திருவண்ணாமலை அந்நாளில் வட ஆர்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. 1939இல் மதுவிலக்கு இங்கும் வந்தது. உலகப்போரின்போது அது நிறுத்தப்பட்டது. 1948இல் மாகாணம் முழுவதும் பரவியது. 1971இல் மீண்டும் தளர்ந்தது. ஊரார் துணையின்றிச் சட்டம் வேரூன்றாது என்பதே இவ்வரலாறு கற்பிக்கும் பாடம்.

பின்வந்த சட்டங்கள் பள்ளியையும் சிறுவரையும் கருதின. 2003ஆம் ஆண்டுச் சட்டம் கல்விக்கூடத்திலிருந்து 100 கஜத்திற்குள் புகையிலைப் பொருள்களை விற்றலாகாது என்றது. 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம், சிறுவர்க்கு மதுவோ போதைப்பொருளோ புகையிலையோ கொடுப்பவர்க்கு ஏழாண்டு வரை கடுங்காவல் விதித்தது. இங்கே குற்றவாளி கொடுத்தவனே; சிறுவன் காக்கப்பட வேண்டியவன்.

பள்ளிகள் தமக்கென விதி வகுக்கும்போது இந்நுட்பத்தை மறத்தலாகாது. தவறிய மாணவனை வெளியேற்றுதல் எளிது. ஆனால் அவன் எங்கே செல்வான்? 100 கஜத்திற்கு அப்பாலுள்ள அக்கடை வாசலுக்கன்றோ!

பௌர்ணமிதோறும் பல்லாயிரவர் கிரிவலம் வரும் நம் ஊரில், கடைதோறும் காவலர் நிற்றல் இயலாது. ஆசிரியர், பெற்றோர், வணிகர், மாணவர் ஆகியோர் ஒருங்கமர்ந்து விதி செய்தல் வேண்டும். யாரிடம் அஞ்சாது சொல்லலாம், எம்மருத்துவரிடம் அழைத்துச் செல்வது, வகுப்பிற்கு எவ்வாறு மீள்வது என்பவை அதில் தெளிவாக இருத்தல் வேண்டும். திரும்பி வர வழியுள்ள பள்ளியில்தான் மாணவன் உண்மை பேசுவான்.