உறுதியில் எழுதிய தண்ணீர்



சில மாதங்களுக்கு முன்னர் எங்கள் தோட்டக்காணியை மருமகளின் பெயருக்கு மாற்றி எழுதுவதற்காக, பேரனாரின் 1938ஆம் ஆண்டு உறுதியை நொத்தாரிசிடம் கொண்டு சென்றேன். நான்கு பரப்புக் காணி அது. தோட்டக்காணியில் பதினாறு பரப்பு ஓர் ஏக்கராகும். ஆகவே எங்களுடையது கால் ஏக்கர். எல்லைகளுக்குப் பின்னே ஒரு வரி இருந்தது: அயற்காணிக் கிணற்றில் எட்டில் ஒரு பங்கும், வழிவாய்க்கால் உரிமையும் இக்காணிக்குச் சேரும்.

"இப்ப எல்லாரிட்டையும் மோட்டர் இருக்குது ஐயா. இந்த வரி இனித் தேவையோ?" என்று நொத்தாரிசு கேட்டார். உடனே பதில் சொல்ல என்னால் இயலவில்லை.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றுமில்லை. ஆண்டு மழையின் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்து, சுண்ணாம்புக்கற் படைகளினூடே நிலத்துள் இறங்குகின்றது. அவ்வாறு சேரும் நன்னீர், கீழேயுள்ள உவர்நீரின்மேல் மிதந்து நிற்கின்றது. புத்தூரை அடுத்த நிலாவரைக் கிணற்றின் மேல்நீர் நன்னீர். ஆழத்தில் உள்ளது உவர்நீர். அளவு மீறி அள்ளினால் கீழே உள்ள உப்பு மேலே வரும். இதை எந்த நூலிலும் படியாமலே எம் முன்னோர் அறிந்திருந்தனர்.

துலா மிதித்து இறைத்த காலத்தில் அந்த அளவை மனிதனின் காலே தீர்மானித்தது. ஒருவர் துலாவில் ஏறி முன்னும் பின்னும் நடப்பார். ஒருவர் பட்டையைப் பிடித்துக் கவிழ்ப்பார். இன்னொருவர் மண்வெட்டியுடன் பாத்தி பாத்தியாகத் தண்ணீர் மாறுவார். பங்காளர் ஒவ்வொருவருக்கும் முறைநாள் உண்டு. ஒருவர் இறைத்து முடிந்ததும் கிணறு ஊற வேண்டும். "கிணத்துக்கும் மூச்சுவிட நேரம் குடுக்க வேணும், தம்பி" என்பார் எங்கள் அப்பு.

உரமும் ஊரிலேயே கிடைத்தது. வேலிப் பூவரசிலும் கிளுவையிலும் வெட்டிய குழை, கூரையிலிருந்து இறக்கிய பழைய பனையோலை, மாட்டெரு, ஆட்டுப்பட்டி அடைத்த தறை என்று எல்லாம் மண்ணுக்கே திரும்பின. கைக்காசு தந்தது புகையிலை; அது கடல் கடந்து திருவிதாங்கூர் வரை சென்றது. ஆனால் வெங்காயம், கத்தரி, பயற்றை, பூசணி, வாழை என்பன மாட்டுவண்டியில் சுன்னாகம் சந்தைக்குப் போயின. விடியற்காலையில் பிடுங்கிய கீரை மதியத்துக்கு முன் அயலூரார் சட்டியில் வெந்தது.

இதை ஒரு பொற்காலமாகச் சொல்லி முடித்துவிட எனக்கு மனமில்லை. அப்புவின் உறுதியில் எட்டுப் பங்காளர் இருந்தனர். துலா மிதித்தவர்களில் பலருக்கு அந்த எட்டில் ஒன்றுகூட இல்லை. தாங்கள் இறைத்த கிணற்றிலேயே தாகத்துக்கு அள்ளிக் குடிக்க முடியாதவர்களும் அவர்களுள் இருந்தனர். சாதியின் பெயரால் இத்தகைய தடை விதிப்பதைக் குற்றமாக்கிய சட்டம் 1957இல் வந்தது. சட்டத்தால் மட்டும் வழக்கம் மாறவில்லை. கே. டானியல் தம் நாவலொன்றுக்குத் 'தண்ணீர்' என்றே பெயரிட்டார் என்பது இலக்கிய நேயர்கள் அறிந்ததே.

பின்னர் மண்ணெண்ணெய் இயந்திரங்கள் வந்தன. துலா மிதித்தவரின் கால் ஓய்ந்தது, அது நன்மையே. ஆனால் கிணற்றின் மூச்சும் குறுகியது. 1970இல் பதவிக்கு வந்த அரசு மிளகாய், வெங்காயம், உருளைக்கிழங்கு ஆகியவற்றின் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியதும் தோட்டக்காரர் கையில் பணம் புரண்டது. கல்வீடுகள் எழுந்தன. யூரியா மூட்டைகளும் வந்து குவிந்தன. 1977இல் திறந்த பொருளாதாரம் வந்தபோது அந்த விலை சரிந்தது.

1990இல் பொருளாதாரத் தடை வந்தது. யூரியா இல்லை, மண்ணெண்ணெய் அரிது. எங்கள் அயலில் சாய்த்து வைத்திருந்த துலா மீண்டும் நிமிர்ந்தது. பழையபடி குழை வெட்டினோம். வெளியிலிருந்து மரக்கறி வராத அந்த ஆண்டுகளில் கால் ஏக்கர், அரை ஏக்கர் தோட்டங்களே எங்கள் அடுப்புகளை அணையவிடாமல் காத்தன. 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமம் வெறுமையானது. பாத்தியில் நின்ற வெங்காயத்தை அப்படியே விட்டு நடந்தோம். அடுத்த ஆண்டு திரும்பியபோது கிணறு மட்டும் நிறைந்திருந்தது.

இன்று குடாநாட்டின் பல கிணறுகளில் நைத்திரேற்று, உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு விதித்த லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற எல்லையைத் தாண்டியிருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. உரமும் மலக்குழிகளும் அதற்குக் காரணம். 2021இல் இரசாயன உர இறக்குமதி ஒரே நாளில் நிறுத்தப்பட்டு, சில மாதங்களில் அத்தடை நீக்கப்பட்டதையும் கண்டோம். எரு சேர்க்கக் காலம் வேண்டும். மண் தேறவும் காலம் வேண்டும். கட்டளையால் அதை வாங்க முடியாது. தடைக்காலத்தில் நாங்கள் தப்பியது, குழை வெட்டத் தெரிந்த கைகள் அப்போது ஊரில் இருந்தபடியால்தான்.

அந்த வரி அப்படியே இருக்கட்டும் என்று நொத்தாரிசிடம் சொன்னேன். தண்ணீர் தனியொருவருக்கு உரியதல்ல, எட்டில் ஒன்றுதான் என்பது மருமகளுக்கும் தெரிய வேண்டும். அந்த எட்டுக்குள் வராமலே துலா மிதித்தவர்களைப் பற்றி எந்த உறுதியும் சொல்லாது. அதை நான்தான் அவளுக்குச் சொல்ல வேண்டும்.