உஷ்ணமும் நாடியும் ஏறிய காகிதம்

பத்மாவதித் தாயாரை ஸ்ரீநிவாசப் பெருமாள் மணந்த க்ஷேத்திரமென்று கீர்த்தி பெற்ற நாராயணவனம், 1911-இல் சித்தூர் ஜில்லா பிறக்கும் வரையில் வட ஆற்காட்டைச் சேர்ந்த பிரதேசமாகவே இருந்தமையால், அப்பக்கத்து வைத்திய சரித்திரத்தைச் சொல்லப் புகுவோர் வேலூரையும், அப்புது ஜில்லாவில் சேர்ந்த மதனப்பள்ளியையும் சேர்த்தே சொல்லியாக வேண்டும்.

பழைய நாட்டு வைத்தியர், ஆணுக்கு வலக்கையும் பெண்ணுக்கு இடக்கையும் பற்றி, ஆட்காட்டி விரலால் வாதத்தையும் நடுவிரலால் பித்தத்தையும் மோதிர விரலால் கபத்தையும் உணர்ந்து நோய் சொன்னார். அந்த ஞானம் நுட்பமானதுதான். ஆனால் அது காகிதத்தில் ஏறாமையால், அவர் திண்ணையை விட்டு எழுந்தபோது அதுவும் கூடவே எழுந்து போயிற்று. மேனாட்டிலோ, ஓரடி நீளமும் இருபது நிமிஷப் பொறுமையும் வேண்டியிருந்த உஷ்ணமானியை 1866-இல் கிளிஃபோர்ட் ஆல்பட் என்னும் ஆங்கில வைத்தியர் ஆறங்குலமாகவும் ஐந்து நிமிஷமாகவும் குறுக்கினார். கருவி சிறுத்த பிறகே அது வைத்தியர் கையிலிருந்து நர்ஸின் கைக்கு மாறுவது சாத்தியமாயிற்று.

வேலூரில் ஐடா ஸ்கட்டர் அம்மையார் 1902-இல் திறந்த ஆஸ்பத்திரியோடு சேர்ந்து, 1909-இல் நர்ஸுப் பள்ளிக்கூடமும் ஏற்பட்டது. இத்தொழிலின் அரிச்சுவடி பார்வைக்கு எளியது: பாதரசத்தை உதறி இறக்கி நாவினடியில் வைப்பது, நாடியின்மேல் கட்டைவிரலை வைக்காதிருப்பது, ஏனெனில் அதற்கே ஒரு துடிப்புண்டு. சுவாசத்தை எண்ணும்போது மட்டும், இன்னும் நாடியே பார்ப்பவள்போல் மணிக்கட்டை விடாமல் பிடித்திருக்க வேண்டும். தன் மூச்சைப் பிறர் எண்ணுகிறார் என்றறிந்த மாத்திரத்தில் நோயாளியின் மூச்சு மாறிவிடும். வைத்திய சாஸ்திரம் அனுமதித்த கபடங்களில் இதுவே மிக யோக்கியமானது என்பேன்.

இக்கலையின் பூரண பிரயோஜனம், 1915 முதல் மதனப்பள்ளிக்கருகே ஆரோக்கியவரத்தில், டென்மார்க்கிலிருந்து வந்த டாக்டர் ஃபிரிமோட்-மொல்லரின் தலைமையில் நடந்த க்ஷயரோக சானடோரியம் போன்ற ஸ்தாபனங்களில் விளங்கிற்று. மருந்து பிறவாத காலத்தில் ஓய்வே சிகிச்சையாகையால், நோயாளி படுக்கையிலேயே கிடப்பதா, எழுந்து சிறிது உலாவுவதா என்பதை முடிவு செய்ய, நர்ஸ் காகிதத்தில் குறித்துவந்த சுரக்கோடே பெரிய சாக்ஷியாயிருந்தது. காலையில் 98 டிகிரியாக நிற்கும் உஷ்ணம் மாலைதோறும் 100-ஐ எட்டுமானால், முகம் தெளிந்து பசியெடுத்தவனுக்கும் நடை மறுக்கப்பட்டது. ஒரு வேளையின் அளவு அநேகமாக ஒன்றும் சொல்வதில்லை. குறித்த நேரத்தில், அலுப்பின்றி, வாரக்கணக்காக இட்ட புள்ளிகள் ஒரு கோடாகச் சேரும்போதுதான் வியாதி பேசத் தொடங்குகிறது.

சுரமும் நாடியும் சேர்ந்து சொல்வது இன்னும் அதிகம். சாதாரணச் சுரத்தில் உஷ்ணம் ஒரு டிகிரி ஏறினால் நாடி சுமார் பத்துத் துடிப்பு ஏறும். டைபாய்டிலோ சுரம் கொதிக்க, நாடி பின்தங்கி நிற்கும். அதன் மூன்றாம் வாரத்தில் ஒருநாள் சுரம் திடீரென்று இறங்க, உற்றார் ஆபத்து நீங்கிற்றென்று ஆனந்திக்கையில், அதே வேளையில் நாடி விரைந்தேறுவதை எண்ணிய நர்ஸ், குடலில் இரத்தம் கசிகிறதென்று சந்தேகித்து டாக்டரிடம் ஓடுவாள். காகிதத்தில் இரு கோடுகளும் ஒன்றையொன்று வெட்டிச் செல்லும் அவ்விடத்தைப் படிக்கத் தெரிந்தவளை வெறும் ஏவற்காரியென்று எண்ணியவர்கள் அக்காலத்தில் குறைவல்லர். இந்தியாவில் நர்ஸுப் படிப்புக்குச் சர்வகலாசாலைப் பட்டம் கிடைக்க 1946 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவ்வாண்டில் அதைத் தொடங்கிய இடங்கள் டில்லியும் வேலூரும்.